ஆளுக்கு ஆள்

கனடாவில் ஐஸ் ஹொக்கி என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. பனிக்கட்டிக்கு மேலே சறுக்கிச் சறுக்கித் தடியால் அடிப்பார்களாம். நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் எங்கள் செயலாளர். 2011 முடியப்போகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாரிஸ் லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக்கடையின் பின்மேசையில் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கூட்டம் நடந்தது. வெளியே மழை. ரோல்ஸ் தட்டில் எண்ணெய் மட்டும் மிச்சம். அணியில் ஆட்கள் இல்லை, வருகிற கோடைக்கு என்ன செய்வது என்பதுதான் பேச்சு. செயலாளர் தன் போனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

“கனடாவில மச்சான்காரன் சொன்னவன். அங்கை ஐஸ் ஹொக்கியில சீசன் முடிஞ்ச கையோடை எல்லாக் கழகமும் இருந்து ஆளுக்கு ஆள் மாத்துவாங்களாம். உன்ரை இவனைத் தா, என்ரை அவங்கள் ரெண்டு பேரைத் தாறன். கதை முடிஞ்சுது.”

“ஆளிட்டைக் கேக்கிறேல்லையோ?” என்றேன் நான்.

“கேக்கிறேல்லையாம். காலமை எழும்பி ரேடியோவைப் போட்டாத்தான் அவனுக்கே தெரியுமாம், தான் வேறை இடம் எண்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் யோசித்தார். தலைவர் யோசித்தால் எனக்கு எப்போதும் பயம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த நாட்களில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கழகத்தில் என் பதவிக்குப் பெயர் முகாமையாளர். பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால், சேற்று ஜேர்சிகளை லாவரி என்கிற சலவைக்கடைக்குக் காவிக்கொண்டுபோய் மெஷினில் போடுவது, ஆட்டத்தன்று காலையில் ஒவ்வொருத்தனுக்கும் போன் அடித்து எழுப்புவது, எந்த ரயில் ஓடாது என்று பார்ப்பது, பூட்ஸ் எடுத்தியோ, சொக்ஸ் எடுத்தியோ, கார்ட் எடுத்தியோ என்று கேட்பது. பயம் எனக்குப் பிறவிக்குணம். மழை வருமோ, மத்தியஸ்தர் வருவாரோ, பந்துக்குக் காற்று நிற்குமோ என்று நினைத்து நினைத்தே விடிந்துவிடும். பெடியள் எனக்கு வைத்த பட்டம் ‘அலாரம்’.

எங்கள் கழகங்களின் சட்டத்தையும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. பாரிசிலும் சுற்றுவட்டாரத்திலும் ஊருக்கு ஒரு கழகம். கோடையில் ஊருக்கு ஊர் சுற்றுப்போட்டி. ஒருவன் எவ்வளவு திறமாக அடித்தாலும் ஊர்க்காரனாக இருக்கவேண்டும். அதற்கு மூன்று வழி. தகப்பன் அந்த ஊராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தாய் அந்த ஊர், அதுவும் இல்லாவிட்டால் அவன் அந்த ஊரில் பெண் எடுத்திருக்கவேண்டும். பதிவு நாளன்று மற்றக் கழகத்துப் பெரியவர்கள் வரிசையாகக் கதிரை போட்டு இருந்து விசாரிப்பார்கள். “தம்பியின்ரை அம்மா ஆற்றை மகள்? எந்த ஒழுங்கை? கோயிலுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?” அகதி வழக்குக்குக்கூட என்னிடம் இவ்வளவு கேட்கவில்லை.

அந்த வருடம் எங்கள் சூரன்கள் மூன்று பேரும் ஒரேயடியாகப் போனார்கள். முன்னுக்கு நின்று கோல் போடுகிறவன் கலியாணம் கட்டி லண்டனுக்குப் போனான். இடதுகாலால் அடிக்கிறவனைப் பொண்டி நகரில் ஒரு பிரெஞ்சுக் கழகம் லிசான்ஸ் என்கிற பதிவுச்சீட்டு எழுதிக் கூட்டிக்கொண்டு போனது. அவன் இங்கே பிறந்தவன். நான் தமிழில் கேட்க அவன் பிரெஞ்சில் பதில் சொல்லுவான். போகிறேன் என்பதையும் பிரெஞ்சில்தான் சொன்னான். நடுவில் விளையாடுகிறவன் தாயின் ஊர்க் கழகத்துக்குத் தாவினான். தகப்பன் ஊருக்கு ஓடிக் களைத்துப்போனானாம்! வந்த ஆத்திரத்தில் அவனுடைய ஜேர்சியைத் தோய்க்காமல் சேற்றோடு அப்படியே பைக்குள் திணித்தேன். பிறகு மற்ற ஜேர்சிகளும் மணக்குமோ என்ற பயத்தில் எடுத்துத் தோய்த்தேன்.

மிஞ்சி இருந்த ஒரே விளையாட்டுக்காரன் எங்கள் கோலி, கோல் காக்கிறவன். யுத்தம் முடிந்தபிறகு வன்னியிலிருந்து வந்தவன். தாய் எங்கள் ஊர். தகப்பன் எங்களுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். அவர்கள் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன இடத்தில் பிறந்தபடியால் இரண்டு ஊரையும் அவன் கண்ணால் கண்டதில்லை. தாயும் தகப்பனும் 2009இல் போய்விட்டார்கள். அதைப்பற்றி அவன் கதைப்பதில்லை, நான் கேட்பதில்லை. பதிவு நாளன்று ஒரு பெரியவர், “அம்மா இப்ப எங்கை?” என்று கேட்டார். “இல்லை” என்றான். அவர் விடாமல், “இல்லையெண்டா? கொழும்பிலயோ?” என்று கேட்டார். நான்தான் குறுக்கே போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவன் என்னோடுதான் இருந்தான். தலைவருக்கு லா சப்பலில் பலசரக்குக்கடை. கடைச்சாமான் அடுக்குகிற இடத்துக்கு மேலே ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு தட்டுக்கட்டில். மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு அவனுக்கு. கதவைப் பார்த்தபடி படுத்தால்தான் அவனுக்கு நித்திரை வரும். வந்த புதிதில் கட்டில் வேறு பக்கம் கிடந்தது, அவன் ஒரு கிழமை கண்ணை மூடவில்லை. கடைசியில் நானும் அவனுமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அதற்குப் பிறகு கதவு முழுக்கத் திறக்காது, பக்கவாட்டில்தான் நுழையவேண்டும். பரவாயில்லை. தலைவரின் பேச்சு என்னவென்றால், அந்த அறை கழகத்துக்கு விளையாடுகிறவனுக்கும் கழகத்து வேலை செய்கிறவனுக்கும் மட்டும். கோலிக்கு அப்போது வதிவிடக் கார்ட் இல்லை. அந்தக் கட்டிலை விட்டால் அவனுக்கு வேறு கட்டிலும் இல்லை.

இனி மேசைக்கு வருகிறேன். தலைவர் யோசித்து முடித்தார்.

“கடற்கரை ஊரிட்டை ரெண்டு சகோதரங்கள் நிக்கிறாங்கள். ரெண்டுபேரும் முன்னுக்கு ஓடுற குதிரையள். தகப்பன் அவங்கட ஊர், தாய் எங்கட ஊர். எங்கட கோலிக்குத் தகப்பன் அவங்கட ஊர். அப்ப கோலியைக் குடுத்து அவங்கள் ரெண்டு பேரையும் எடுப்பம். சட்டத்துக்கும் சரி.”

“ஒண்டுக்கு ரெண்டு!” என்று செயலாளர் மேசையில் தட்டினார். “கனடாவில இதைத்தான் செய்யிறாங்கள்.”

“கோல் ஆர் காக்கிறது?” என்றேன்.

“உயரமா ஒருத்தனை நிப்பாட்டுவம்.”

மூலையில் இருந்த ஒருவர், “என்ரை வேலையிடத்தில ஒரு பாண்டிச்சேரிப் பெடியன், ஆறடி. எங்கட ஊரில ஒரு பொம்பிளையைக் கட்டிவைச்சா ஊர்க்காரன்தானே?” என்றார்.

“ஓம், உன்ரை தங்கச்சியைக் குடன்” என்றார் செயலாளர்.

“அவள் பந்தடிக்கிறவனைக் கட்டமாட்டாளாம். என்னைப் பாத்தே வெறுத்துப்போனாளாம்.”

திரும்பவும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“கட்டில்?” என்று கேட்டேன்.

“என்ன கட்டில்?”

“கோலியின்ரை கட்டில் அண்ணை. அவன் எங்கை படுக்கிறது?”

“அந்தச் சகோதரங்களும் புதுசா வந்தவங்கள்தானே. அவங்களுக்கும் இருக்க இடம் வேணும். கோலியை அவங்கட ஆக்கள் பாப்பாங்கள். திரான்சியில ஒரு வீடு வைச்சிருக்கிறாங்கள். பத்துப்பேர் படுக்கிறாங்கள், பதினோராவதுக்கு இடமில்லாமல் போகுமோ?”

“அவனிட்டைக் கேட்டனீங்களோ?”

“நீதானே முகாமையாளர், நீ சொல்லு. எட்டாம் வகுப்புக்கு இவ்வளவு கேள்வி காணும்.”

கை உயர்த்தச் சொன்னார். மழைக்குக் குடை பிடித்தமாதிரி எல்லாக் கையும் மேலே நின்றது. என்னுடையது மட்டும் தேத்தண்ணிக் கோப்பையை விடவில்லை. பயத்தில் இல்லை, கோபத்தில்.

ஊர் ஊர் என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் இவர்கள். ஊருக்குப் போக வழியில்லை, அங்கே ஆமி இருக்கிறது. எங்களிடம் மிஞ்சின ஊர், ஒரு ஜேர்சியின் முதுகில் அச்சடித்த நாலு எழுத்து. அந்த எழுத்தைப் போட்டுக்கொண்டு ஒருவன் மற்றவர்களின் காலுக்குள் தலையை விட்டுப் பந்தைப் பிடித்தான். நெற்றியில் தையல் போட்டான். அவனைக் கொண்டுபோய், இந்தப் பருப்பு மூட்டையை எடு, அந்த அரிசி மூட்டை இரண்டையும் இறக்கு என்கிறமாதிரிப் பேசுகிறார்கள். பலசரக்குக்கடைக்காரனைத் தலைவராக வைத்தால் இப்படித்தான் வரும். கனடாக்காரனுக்கு அது தொழில், அவன் அதற்குக் கையெழுத்து வைத்திருப்பான். இவன் எதற்குக் கையெழுத்து வைத்தான்?

நான் கோலியிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று நாள் போனது. மேல்தட்டில் படுத்துக்கொண்டு வசனங்களை அடுக்குவேன். ஒவ்வொன்றும் தலைவரின் குரலில் வந்துநிற்கும்.

ஒரு பின்னேரம் அவன் பக்கவாட்டில் கதவுக்குள்ளால் வந்தான். தலையில் ஒரு பக்கம் மயிர் வெட்டியிருந்தது, மற்றப் பக்கம் அப்படியே இருந்தது.

“என்னடா இது?”

“சலூனில ஒராள், ‘வாங்கோ எங்கட கோலி’ எண்டவர். கடற்கரை ஊர்க்காரராம். ஏன் எண்டு கேட்டன். சொன்னவர். எழும்பி வந்திட்டன்.”

கட்டிலில் இருந்தான். கொஞ்சநேரம் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான், திரும்பக் கட்டினான்.

“அண்ணை, திரான்சியில கட்டில் எந்தப் பக்கம்?”

“தெரியாது.”

“படுத்திருந்தாக் கதவு தெரியுமோ?”

நான் சமையல் கத்தரிக்கோலை எடுத்து அவனுடைய மற்றப் பக்கத்தையும் வெட்டிவிட்டேன். கோணல்மாணலாக வந்தது. அவன் கத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கத்தாமல் கதவைப்பற்றிக் கேட்டானே, அதுதான் என்னைக் கிளப்பியது.

அடுத்த ஞாயிறு தேவாலயத்து வாசலில் போய் நின்றேன். கடற்கரை ஊர்க்காரர் பெரும்பாலும் கத்தோலிக்கர். தமிழ்ப் பூசை முடிந்து அவர்களுடைய கழகத் தலைவர் வெளியே வந்தார். கூசேன்வில்லில் வீடு, விமான நிலையத்தில் வேலை, பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு.

“அண்ணை, அந்த மாத்துக்கு எங்கட கோலி வேண்டாம். வேறை ஒராளைத் தாறன்.”

“ஆரை? உங்களிட்டை ஆரடாப்பா மிச்சம்?”

“என்னை.”

என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார்.

“நீ ஓடுவியோ?”

“ஓடமாட்டன்.”

“கோலுக்கு நிப்பியோ?”

“பந்து வந்தா விலத்துவன்.”

“பேந்து என்னத்துக்கு நீ?”

“உங்களிட்டை ஒரு நல்ல கோலி இருக்கிறான்தானே அண்ணை. போன கோடையில அவன் ஏன் வரேல்லை?”

அவருடைய சிரிப்பு நின்றது. “நித்திரையாப் போனான், நாய்.”

“அண்டைக்கு வராத மற்றவன்?”

“ரயிலை மாறி ஏறினவன்.” கையை விரித்து, “எட்டுப் பேரோடை இறங்கினனாங்கள் தம்பி. மானம் போச்சு” என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். “நீதானோ அந்த அலாரம்?”

“ஓம்.”

“மனிசி ஏசினமாதிரி ஏசி எழுப்புவியாம்.”

“அதைவிட மோசமா.”

“சட்டம் இருக்கெல்லோ. நீ எங்கட ஊரோ?”

“அப்பா அங்காலை. அம்மா உங்கட ஊர்.”

“ஆற்றை மகள்? எந்த ஒழுங்கை?”

சொன்னேன். அவர் என் தோளில் அடித்த அடியில் நான் மதிலோடு முட்டினேன். “அட, வள்ளக்காரச் சம்மாட்டியாற்றை பேரனே நீ! முதலே சொல்லியிருக்கலாமெல்லோ. எடுங்கோடா, அந்த ரெண்டு குதிரையையும் எடுத்துக்கொண்டு போங்கோ. எழும்பாத குதிரையை வைச்சு நான் என்ன செய்யிறது?”

இப்படித்தான் இரண்டு முன்வரிசை ஆட்டக்காரருக்குப் பதிலாக ஒரு கோப்பை கழுவுகிறவன் மாற்றப்பட்டான். கனடாவிலும் இப்படி நடந்திருக்காது.

தலைவர் கடைக்குள் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று கத்தினார். வாடிக்கையாளர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“துரோகி! ஊரை வித்திட்டாய்!”

“நீங்கள்தானே அண்ணை ஆளுக்கு ஆள் எண்டனீங்கள். நீங்கள் கேட்ட ரெண்டு பேரும் வாறாங்கள். கோலியும் நிக்கிறான்.”

“கழகத்தைக் கேட்டனியோ?”

“ஆளிட்டையே கேக்கிறேல்லையாம். கழகத்திட்டை ஏன் கேப்பான்?”

“ஜேர்சி ஆர் தோய்க்கிறது?”

அந்தக் கேள்வி அவருடைய வாயிலிருந்து அவரை அறியாமலே வந்தது. எத்தனை வருடம் நான் அந்தப் பையைக் காவினேன், அன்றைக்குத்தான் அது அவருடைய கண்ணில் பட்டது. எனக்கு இன்னும் கூடக் கோபம் வந்தது.

“உங்கட செயலாளர் தோய்ப்பார். கனடாவில ஆர் தோய்க்கிறது எண்டு கேட்டுப் பாக்கச்சொல்லுங்கோ.”

“அறையை விடு. இந்தக் கிழமைக்குள்ள விடு.”

“விடுறன். ஆனா கீழ்த்தட்டு அவன்ரை. மேல்தட்டில ஒரு குதிரை, நிலத்தில ஒரு குதிரை. கட்டிலை ஒருத்தரும் திருப்பக்கூடாது.”

“போடா, கட்டில் விசரா!”

திருப்பமாட்டோம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கடையில் வேலை செய்கிற பெடியங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள், அது காணும் என்று நினைத்தேன்.

கோலி சந்தோசப்படுவான் என்று எண்ணிக்கொண்டு படியேறினேன். சொல்லி முடியமுதலே எழும்பி நின்றான்.

“உங்களை ஆர் கேட்டது?”

“என்னடா?”

“அவங்களும் கேக்கேல்லை, நீங்களும் கேக்கேல்லை. ரெண்டு பக்கத்தாலையும் நான் ரேடியோவில கேட்டமாதிரித்தான். நான் திரான்சியில எப்பிடியோ படுத்திருப்பன். நீங்கள் ஏன் போறீங்கள்?”

மைதானத்தில் கோர்னர் அடிக்கிற நேரம் பின்னால் நின்று கத்துவானே, அந்தக் குரல். அறைக்குள் அதை நான் கேட்டதில்லை.

“உனக்காகத்தானே…”

“எனக்காக எண்டு சொல்லாதையுங்கோ. எனக்காக எண்டு சொன்ன ஆக்கள் ஒருத்தரும் இப்ப இல்லை.”

எனக்கும் ஏறியது. “ஒரு நல்ல சொல் சொன்னா வாய் தேயுமோ?” என்று நானும் கத்தினேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். கதவுக்கு முதுகு காட்டி அவன் படுத்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நான் சாமான்களைக் கட்டி, பக்கவாட்டில் வெளியே வந்தேன்.

திரான்சி வீட்டில் எனக்குக் கிடைத்த இடம் குசினிக்குப் பக்கத்தில். படுத்தால் கதவு தெரியாது, குளிர்சாதனப்பெட்டியின் முதுகுதான் தெரியும். அதுவும் இரைந்துகொண்டே இருக்கும். அவனுக்கு அந்த இடம் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து நினைத்துக் கோபப்பட்டேன். தலைவரில் கோபம். அந்த ஹொக்கி மச்சானில் கோபம். கையுயர்த்தின எல்லாரிலும் கோபம். அவனிலும்தான்.

கோடை வந்தது. முதல் ஆட்டத்தன்று காலையில் வெள்ளென எழும்பிக் கடற்கரை ஊர்ப் பெடியள் ஒவ்வொருத்தனாக எழுப்பினேன். ஏசினேன். தாயைக் கூப்பிட்டு எழுப்பச் சொன்னேன். ரயிலின் பெயரை இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்தேன். எல்லோரும் எழும்பிவிட்டார்கள். போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. கோலி விடியத்தான் கண்ணயர்வான். எழுப்ப அங்கே யார் இருக்கிறார்கள்? நிலத்தில் கிடக்கிற குதிரையோ, மேலே கிடக்கிற குதிரையோ? அவைகளை எழுப்பவே ஆளில்லை.

நான் இப்போது எதிர்க் கழகத்து முகாமையாளர். எதிரியின் கோலி நித்திரையாகப் போனால் எனக்கு நல்லது. அந்தப் பெரிய வயிற்று அண்ணை கேள்விப்பட்டால் என்னை விமான நிலையத்துப் பெட்டிகளோடு எங்காவது ஏற்றி அனுப்பிவிடுவார். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவனுக்குப் போன் அடித்தேன்.

மணி அடித்தது. எடுத்தான். ஒன்றும் சொல்லாமல் வெட்டினான்.

எடுத்து வெட்டினான் என்றால் எழும்பிவிட்டான்.

மைதானத்துக்கு வந்தான். எங்கள் ஊர் ஜேர்சியோடு கோலுக்கு நின்றான். எங்கள் என்ற சொல் அன்றைக்கு என் வாய்க்குள் சிக்குப்பட்டது. ஜேர்சி தோய்த்த கோலத்தைப் பார்த்தால் செயலாளர்தான் தோய்த்திருக்கவேண்டும், வெள்ளை எல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது. பெடியள் இளஞ்சிவப்பில் ஓடினார்கள். கடற்கரை ஊர்க்காரர் கூவென்று கத்தினார்கள். தலைவர் என் பக்கம் பார்க்கவேயில்லை. கோலியும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கோடை போய்விட்டது. கோலிக்குக் கார்ட் கிடைத்தது. அந்த அறையை விட்டு வேறு அறைக்குப் போனான், கட்டில் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. இன்னும் எங்கள் ஊருக்குத்தான் கோல் காக்கிறான். இப்போதும் குளிர்காலம் வந்தால் செயலாளர் கனடாவிலிருந்து புதிதாக ஏதோ யோசனை கொண்டுவருவாராம். ஆட்டத்தன்று காலையில் நான் என் பதினொரு பேரையும் எழுப்பிவிட்டு அவனுக்கு அடிப்பேன். எடுப்பான், வெட்டுவான். பல வருடம் இப்படித்தான்.

போன முறை வெட்டவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது.

“எழும்பீட்டன்” என்றான். “உங்கட ஆக்களைப் போய் எழுப்புங்கோ.”

வைத்துவிட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு இவ்வளவுதானா? அத்தோடு பூட்ஸ் எடுத்தானோ என்று கேட்கமுதலே வைத்துவிட்டான்.

திரும்ப அடித்தேன்.